குழந்தையையும் செல்லப் பிராணியையும் அணைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நம் வீடுகளில் மூன்று வயது வரை குழந்தைக்கு மடிக்குக் குறைவே இருக்காது. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று கை மாறிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அது குறையும். பத்து வயதைத் தாண்டினால், அதுவும் பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டால், அப்பா கை தோளில் படுவதே நின்றுபோகும். அதே வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வரட்டும், ஆளாளுக்குத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக் கொஞ்சுவார்கள். அது திமிறினாலும் விடமாட்டார்கள். ஏங்குகிற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. விடு என்று நெளிகிற குட்டிக்கோ திகட்டத் திகட்டக் கிடைக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நமக்கு ஆசை வந்தால் கட்டிக்கொள்கிறோம், நமக்குக் கூச்சம் வந்தால் நிறுத்திவிடுகிறோம். எதிரே இருக்கும் உயிருக்கு இப்போது என்ன வேண்டும் என்று பார்த்துவிட்டுத் தொடுவதைத்தான் இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்லப்போகிறது.

தொடங்கும் முன்: தொடுதல் உடலுக்குள் என்ன செய்கிறது

வலி, சூடு, அழுத்தம் ஆகியவற்றை உணரும் நரம்புகளோடு, மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை மெல்லிய நரம்பிழைகள் நம் தோலில் இருக்கின்றன. ரோமம் உள்ள தோலில் இவை அதிகம். உடல் சூட்டோடு இருக்கும் ஒரு கை, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவும்போது இவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. தூங்கவைக்கும்போது அம்மாக்கள் யாரும் சொல்லித்தராமலே முதுகைத் தடவுவது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். பரபரவென்று தேய்த்தால் அந்தப் பலன் இருக்காது.

இந்த அறிவு சுலபமாக வந்துவிடவில்லை. ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல் பெற்றோருக்கு அறிவுரை எழுதினார்: குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கை குலுக்குங்கள், போதும் என்று. ஒரு தலைமுறையே இதை நம்பியது. 1950களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி, மற்றது மெத்தென்ற துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் பால் புட்டி இருந்தபோதுகூட குட்டிகள் பசிக்கு மட்டும் அங்கே போய்க் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குட்டிகளுக்குச் செய்தது கொடுமை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பால் கொடுப்பதால் மட்டும் பாசம் வந்துவிடுவதில்லை என்பது அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியாததானது.

மனிதக் குழந்தைகளிடம் தொடுதல் இல்லாமல்போவதன் விளைவை உலகம் பார்த்தது ருமேனியாவில். 1989இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, அங்கே பெரும் எண்ணிக்கையில் குழந்தைகள் அரசு விடுதிகளில் கிடந்தார்கள். உணவு கிடைத்தது, தூக்க ஆள் இல்லை. 2000இல் அந்நாட்டின் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு, அப்படிப்பட்ட 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பல விஷயங்களில் நன்றாக மீண்டார்கள். விடுதியில் இல்லாமல்போனது தொடுதல் மட்டும் இல்லை. பேச்சு, விளையாட்டு, தினமும் பார்க்கும் ஒரே முகம் எல்லாமே இல்லை. ஆனால் ஒரு வீட்டில் இவை எல்லாம் ஒரே மடியில் சேர்ந்துதான் கிடைக்கின்றன.

படி 1: பிறந்த குழந்தையை நெஞ்சில் போடுங்கள்

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு பிரசவ மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், தாயின் வெற்று மார்பிலேயே குழந்தையைக் கட்டிவைக்கச் சொன்னார். இதுதான் இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித்தரும் கங்காரு தாய்ப் பராமரிப்பு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படி வைத்ததில், முதல் 28 நாட்களில் இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளைப் பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நெஞ்சில் சேர்க்க வேண்டும், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை.

செய்யும் முறை இதுதான். குழந்தைக்கு நாப்கினும் தொப்பியும் மட்டும் போதும். தாயின் மார்புகளுக்கு நடுவே நிமிர்ந்த வாக்கில் வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், மோவாய் லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும். மூச்சு தடைபடாமல் இருக்க இதுதான் முக்கியம். கைகால்கள் தவளை மாதிரி மடங்கியிருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டு மேலே தளர்வான சட்டை போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்க விடுங்கள். அடிக்கடி எடுத்து எடுத்து வைத்தால் குழந்தையின் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். அம்மாவுக்கு முடியாதபோது அப்பா வைத்துக்கொள்ளலாம், பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். நிறைமாதக் குழந்தைக்கும் இது நல்லதுதான். ஒரே எச்சரிக்கை: கண் சொருகும் களைப்பில் சோபாவில் சாய்ந்தபடி குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளாதீர்கள். சோபாவின் இடுக்கில் நழுவி மூச்சுத் திணறும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

"தூக்கித் தூக்கி வச்சா கைச்சூடு பழகிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கனடாவின் மாண்ட்ரியாலில் நடந்து 1986இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேர் எதிர். குழந்தை அழாதபோதும் கூடுதல் நேரம் தூக்கி வைத்துக்கொள்ளும்படி ஒரு பகுதித் தாய்மாரிடம் சொன்னார்கள். அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். முதல் சில மாதங்களில் தூக்கிக் கெட்டுப்போகும் குழந்தை என்று ஒன்று கிடையாது.

எண்ணெய் தேய்த்து விடுவது நம்முடைய நல்ல பழக்கம், தேங்காய் எண்ணெயே போதும். உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு மெதுவாகத் தேயுங்கள். மூக்கை இழுத்து நீட்டுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பது இதெல்லாம் கூடவே கூடாது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ, விரல்களை விரித்துக்கொண்டாலோ "போதும்" என்கிறது. பேச்சு வராத வயதிலும் அது மறுப்புதான், அங்கேயே நிறுத்துங்கள்.

படி 2: அடம் பிடிக்கும் வயதில் காத்திருங்கள்

இரண்டு மூன்று வயதில் தரையில் விழுந்து புரளும் குழந்தையை வலுக்கட்டாயமாக அள்ளி அணைத்தால் கத்தல் கூடும். முதலில் அதன் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி, "கோபமா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். கையை விரித்து வைத்துக் காத்திருங்கள். வேகம் தணிந்ததும் குழந்தை தானே வந்து விழும். அப்போது நன்றாக, அழுத்தமாக அணையுங்கள். கேட்டதை வாங்கித்தர வேண்டும் என்பதில்லை. சாக்லேட் கிடையாது என்பதும் மடி உண்டு என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

எவ்வளவு நேரம் அணைக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நொடிக் கணக்கு வேண்டாம். குழந்தை கையைத் தளர்த்தும் வரை நீங்கள் தளர்த்தாதீர்கள். அது தளர்த்தியதும் உடனே விட்டுவிடுங்கள்.

படி 3: பள்ளி நாட்களில் ஒரு நேரத்தை ஒதுக்குங்கள்

பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் நம் வாயில் முதலில் வருவது "டெஸ்ட்ல எவ்வளவு?" என்பதுதான். அந்தக் கேள்வி அரை மணி நேரம் காத்திருக்கட்டும். பையைக் கழற்றியதும் தோளோடு சேர்த்து அணைத்து, தலையைக் கோதிவிடுங்கள். அப்புறம் பேசலாம். தலைக்கு எண்ணெய் வைப்பது, சடை பின்னுவது, டிவி பார்க்கும்போது மடியில் கால் நீட்டிக்கொள்ள விடுவது, அப்பாவோடு கட்டிப்புரண்டு மல்யுத்தம் போடுவது எல்லாமே அணைப்பின் கணக்கில் சேரும்.

மார்க் நன்றாக வந்த நாளில் கட்டிக்கொண்டு, குறைந்த நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீடுகள் நிறைய. பிள்ளை அதை உடனே கற்றுக்கொள்கிறது: நான் ஜெயித்தால்தான் இந்த வீட்டுக்கு வேண்டியவன் என்று. திட்ட வேண்டியிருந்தால் திட்டுங்கள். "என் கிட்ட வராதே" என்ற தண்டனையை மட்டும் தராதீர்கள். அடித்துவிட்டு அழவிட்டு, உடனே அணைத்துச் சமாதானம் செய்வதும் வேண்டாம். அடியும் அணைப்பும் ஒரே கையிலிருந்து வரும்போது, அந்தக் கை நெருங்கினாலே எது வருமோ என்ற பயம் பிள்ளைக்கு வரும்.

படி 4: வளர்ந்த பிள்ளையிடம் மறுபடி தொடங்குவது

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான இடம் இதுதான். மகள் பெரியவளான மறுநாளிலிருந்து அப்பா தள்ளி நிற்பது பல வீடுகளில் யாரும் சொல்லாமலே நடக்கிறது. அப்பாவுக்கு அது மரியாதை. மகளுக்கோ, தன் உடம்பில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, அதனால்தான் அப்பா விலகிவிட்டார் என்று தோன்றலாம். மகன்களுக்கு வேறு கதை. "ஆம்பளப் புள்ளைய என்ன கொஞ்சிக்கிட்டு" என்று ஏழு எட்டு வயதிலேயே நிறுத்திவிடுகிறோம். அவனும் தொடுதல் என்றால் நண்பனைக் குத்துவதும் தள்ளுவதும்தான் என்று பழகிக்கொள்கிறான்.

வருடக்கணக்கில் தொடாத பிள்ளையைத் திடீரென்று ஒரு நாள் கட்டிக்கொண்டால் அந்த உடம்பு விறைத்துப்போகும். மெதுவாக வாருங்கள். முதல் சில வாரங்களுக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது தோளில் ஒரு தட்டு, நல்ல செய்தி கேட்டால் கையோடு கை அடிப்பது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை ஒரு நிமிடம் அங்கேயே வைத்திருப்பது, இவ்வளவுதான். பக்கத்தில் உட்காரப் பழகுங்கள். நேருக்கு நேர் அணைப்பதைவிடப் பக்கவாட்டில் தோளோடு தோளாக அணைப்பது இந்த வயதுக்குச் சுலபம். பிறகு ஒரு நாள் கேளுங்கள்: "கண்ணு, அப்பா ஒரு தடவ கட்டிக்கட்டுமா?" "ச்சீ, போப்பா" என்று வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முகம் வாடக் கூடாது, "அப்பா மேல பாசமே இல்ல" என்று குத்திக்காட்டவும் கூடாது. மறுத்தாலும் அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்த பிள்ளைதான், தேவைப்படும் நாளில் தானாக வந்து சாயும்.

நண்பர்கள் முன்னால், பள்ளி வாசலில், பஸ் ஸ்டாப்பில் கொஞ்சாதீர்கள். அது அவர்களுடைய இடம்.

படி 5: "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்

"மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, சாக்லேட் தருவார்." இந்த வாக்கியத்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் கேட்டால் உடம்பைக் கொடுக்க வேண்டும், பதிலுக்குப் பொருள் கிடைக்கும் என்பதைத்தான் அது கற்றுத்தருகிறது. பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்தால், "அவளுக்கு இப்ப வேணாமாம் அண்ணா, வணக்கம் சொல்லுவா" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். உறவினர் ஒரு நிமிடம் சுணங்குவார், பரவாயில்லை. கிச்சுகிச்சு மூட்டும்போது சிரித்துக்கொண்டே "விடு" என்றாலும் விட வேண்டும். வீட்டில் தன் மறுப்புக்கு மதிப்பு இருப்பதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் வெளியே மறுக்கத் தைரியம் வரும்.

உடம்பின் எந்தப் பகுதிகளை யாரும் தொடக் கூடாது, ரகசியமாக வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதை நான்கு வயதிலிருந்தே சொல்லலாம். உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சப்படாமல் சொல்லிக்கொடுங்கள். ஏதாவது நடந்திருக்கிறது என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. 2012இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. குடும்ப மானம் என்று மூடி மறைக்காதீர்கள்.

சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள பலருக்கு, மென்மையான வருடல் எரிச்சலாக இருக்கும். அவர்களில் சிலருக்கு அழுத்தமான தொடுதல் நிம்மதி தரும். டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிசம் உள்ள அமெரிக்க விஞ்ஞானி, மனிதர்கள் அணைத்தால் தாங்க முடியாமல், தன் உடலைத் தானே வேண்டிய அளவு அழுத்திக்கொள்ள இளவயதில் ஒரு கருவியைச் செய்துகொண்டார். உங்கள் பிள்ளை போர்வையை இறுக்கச் சுற்றிக்கொள்ளப் பிடிக்கும் என்றால் அதுதான் அவனுக்கான அணைப்பு.

படி 6: நாயைக் கட்டிப்பிடிக்காமல் கொஞ்சுவது

நாய்க்கு நம் மேல் பாசம் இருப்பதில் சந்தேகமே வேண்டாம். 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவரின் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவதைக் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் அதே ஹார்மோன்தான். ஆனால் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இறுக்குவது பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. பயம் வந்தால் விலகி ஓடுவதுதான் நாயின் முதல் வழி. அணைப்பு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ராஜபாளையம் ஆனாலும் தெருவிலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய் ஆனாலும் இதே கதைதான்.

பிடிக்கவில்லை என்பதை நாய் குரைப்பதற்கு முன்பே சொல்லிவிடும். தலையைத் திருப்பிக்கொள்ளும், நாக்கால் மூக்கை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், காதைப் பின்னால் படியவைக்கும், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும், உடம்பு அசையாமல் விறைக்கும். நாம் எடுக்கும் "அழகான" போட்டோக்களில் இவற்றைத் தேடிப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

சரியான முறை எளிது. நீங்கள் போகாமல் அதை வரவிடுங்கள். பக்கவாட்டில் உட்காருங்கள். தலைக்கு மேலிருந்து கையை இறக்காமல், மார்பிலோ தோள்பட்டையிலோ காதின் அடியிலோ மூன்று நொடி தடவுங்கள். அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். மூக்கால் இடித்தோ, சாய்ந்தோ, கையைத் தேடி வந்தோ கேட்டால் தொடருங்கள். அப்படியே நின்றாலோ நகர்ந்தாலோ முடித்துக்கொள்ளுங்கள். தினமும் இப்படிச் செய்தால், ஒதுங்கி நிற்கும் நாயும் சில வாரங்களில் தானாக வந்து காலில் சாயும்.

குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முப்பதே நாளில் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவராதீர்கள், எட்டு வாரமாவது இருக்கட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். அப்போது மெதுவான, பல வகைக் கைகளைப் பார்த்த குட்டி வளர்ந்த பிறகு மனிதர்களுக்கு மிரளாது.

தீபாவளி வெடிச் சத்தத்தில் நடுங்கும் நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. கட்டிலடியில் ஒளிந்தால் அங்கேயே இருக்கட்டும். உங்களிடம் வந்தால் பக்கத்தில் படுக்கவைத்து நிதானமாகத் தடவிக்கொடுங்கள்.

படி 7: பூனை

பூனைக்குக் கன்னம், மோவாய், காதின் அடிப்பகுதி பிடிக்கும். வயிற்றைக் காட்டிப் படுப்பது நம்பிக்கையின் அடையாளம், பெரும்பாலும் வயிற்றைத் தொட அழைப்பு இல்லை. வால் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள். தொடாமலே பாசம் காட்ட ஒரு வழியும் உண்டு: பூனையைப் பார்த்துக் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறங்கள். அப்படிச் செய்யும் மனிதர்களைப் பூனைகள் அதிகம் நெருங்குவதாக 2020இல் வெளியான சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது.

படி 8: குழந்தையும் பிராணியும் ஒரே வீட்டில்

சிறு குழந்தைகளுக்கு நாய்க்கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் தலையிலும்தான் படுகிறது. குழந்தையின் உயரம் ஒரு காரணம், முகத்தோடு முகம் வைத்து அணைப்பது இன்னொன்று. அதனால் வீட்டு விதிகள் சில. ஐந்தாறு வயது வரை பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடக் கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் நாய் அருகே போகக் கூடாது. தொடும்போது ஒரு கை, விரித்த உள்ளங்கை, முதுகிலும் தோளிலும் மட்டும். முகத்தில் முத்தம் கிடையாது. தெரியாத நாய் ஓடி வந்தால் ஓடாமல், கத்தாமல், கையை ஒடுக்கித் தரையைப் பார்த்து மரம் மாதிரி நிற்க வேண்டும். இதை விளையாட்டாகவே பழக்கலாம், பிள்ளைகள் ரொம்ப ஆசையாகச் செய்வார்கள். கொஞ்சி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் பழக்கிவிடுங்கள்.

நாய் உறுமினால் அதை அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து உறுமலை நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். குழந்தையை அமைதியாக விலக்கிவிட்டு, எதற்கு உறுமியது என்று பாருங்கள். காதில் புண், மூட்டு வலி, பல் வலி என்று காரணம் உடம்பிலேயே இருக்கலாம். எப்போதும் கொஞ்சவிடும் வயதான நாய் திடீரென்று தொடவிடவில்லை என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

நாய்க்கும் பூனைக்கும் மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் தொடருங்கள். பூச்சி மருந்தும் தவறாமல் கொடுங்கள். கடித்தாலோ நகம் கீறினாலோ, வீட்டு நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் தடவாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள் என்று ஊசி வரும். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள், அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டி நாய்தானே, லேசான கீறல்தானே என்று ஒரு ஊசியையும் விடக் கூடாது. நோய் வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கவே முடியாது. பயந்து மறைக்காமல் கடித்ததை உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், சொன்னால் திட்ட மாட்டேன் என்பதையும் சேர்த்து.